டிபி எக்ஸ்ரே முகாமில் படம் எடுக்கப் போகும் தம்பி தங்கைகளுக்கு

1. படம் எடுக்கும் முன் பின்னலைப் பாருங்கள். தோளில் விழுந்து கிடக்கும் தடித்த சடை, நுரையீரல் உச்சியில் வெண்ணிழலாக விழும். பெரியவர்களுக்கு டிபி அதிகம் தங்குவதும் அந்த உச்சியில்தான். கொண்டை போடச் சொல்லுங்கள். தாயத்து, ஊக்கு எல்லாம் கழற்ற வேண்டும். தாலியைக் கழற்ற மனம் வராதவரை வற்புறுத்தாதீர்கள், சங்கிலியை மேலே இழுத்துப் பல்லில் கவ்விக்கொண்டால் போதும்.

2. "மூச்சை இழுங்க" என்றால் பலர் வயிற்றைத்தான் உப்புவார்கள். ஒருமுறை நீங்களே செய்து காட்டுங்கள். உதரவிதானத்துக்கு மேலே பின்பக்க விலா எலும்புகளில் ஒன்பதாவதோ பத்தாவதோ தெரியாவிட்டால் திரும்ப எடுங்கள். தோள்களை முன்னே தள்ளி நிற்கச் செய்தால் தோள்பட்டை எலும்பு நுரையீரலை மறைக்காது.

3. இருமல் இருக்கிறதா என்று கேட்டு, இல்லை என்றவரை வீட்டுக்கு அனுப்பாதீர்கள். 2019 முதல் 2021 வரை நடந்த இந்தியத் தேசியக் காசநோய் கணக்கெடுப்பில், எக்ஸ்ரே மட்டும் எடுக்காமல் விட்டிருந்தால் 42.6 சதவீத நோயாளிகள் கண்ணில் படாமல் தப்பியிருப்பார்கள். அவர்களிடம் கேட்டிருந்தால் 'எனக்கு ஒன்றுமில்லை' என்றுதான் சொல்லியிருப்பார்கள். ஊர் ஊராகப் போய் எடுப்பது புதிய யோசனையும் அல்ல. 1936இல் பிரேசிலின் ரியோ டி ஜெனிரோவில் மனுவேல் டி அப்ரூ சின்னப் படச்சுருளில் மார்புப் படம் பிடிக்கும் முறையைக் கொண்டுவந்தார். உலகெங்கும் பரவிய அந்த முறையை, ஆள் பார்க்காமல் எல்லோருக்கும் எடுப்பது வேண்டாமென்று 1974இல் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு நிறுத்தச் சொன்னது. இப்போது டிஜிட்டல் கருவியோடு திரும்ப வந்திருக்கிறோம். ஆகவே ஆளைத் தேர்ந்தெடுங்கள்: நோயாளியின் வீட்டார், சர்க்கரை நோயாளிகள், முன்பு டிபி வந்தவர்கள், முதியவர்கள், குடிப்பழக்கமும் புகைப்பழக்கமும் உள்ளவர்கள். கூட்டம் சேர்ந்தது என்று கணக்குக் காட்டுவதில் எனக்கு மரியாதை இல்லை.

4. கையடக்கக் கருவி என்பதால் கதிரும் விளையாட்டு என்று நினைக்காதீர்கள். இரண்டு மடங்கு தள்ளி நின்றால் உங்கள்மேல் படுவது நான்கில் ஒரு பங்காகக் குறையும். கதிர் போகும் திசையில் வரிசை நிற்கக் கூடாது. நாள் தள்ளிப்போயிருக்கிறதா என்பதை நர்ஸம்மா தனியாகக் கேட்கட்டும்.

5. கம்ப்யூட்டர் படத்தைப் படித்து, டிபி சந்தேகத்துக்கு ஒரு மதிப்பெண் தரும். 15 வயது நிரம்பியவர்களுக்கு அதைப் பயன்படுத்தலாமென்று 2021இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. ஆனால் ஆறிப்போன பழைய தழும்பையும் அது சந்தேகப்படும். கல் உடைப்பவர் நுரையீரலில் படிந்த தூசியும் அதைக் குழப்பும். திரையில் சிவப்பு விழுந்ததும் வரிசையின் காதில் விழும்படி "இவருக்கு டிபி" என்று சொன்னால், அந்தத் தெருவிலிருந்து அடுத்த முகாமுக்கு யாரும் வர மாட்டார்கள்.

6. இதைத்தான் அழுத்திச் சொல்ல வேண்டும். நிழல் தெரிந்தால் சளி வேண்டும். ட்ரூநாட்டோ சிபிநாட்டோ, சளிச் சோதனைதான் கிருமியைக் காட்டும், படம் காட்டாது. சளி டப்பாவை அங்கேயே கொடுங்கள், 'நாளைக்கு பிஎச்சிக்கு வாங்க' என்று அனுப்பினால் ஒரு நாள் கூலி போகுமே என்று பாதிப் பேர் வர மாட்டார்கள். கூட்டத்தை விட்டு வெட்டவெளியில் நின்று, நெஞ்சிலிருந்து இருமி எடுக்கச் சொல்லுங்கள். எச்சில் உதவாது. இன்னொன்று: எச்ஐவி முற்றியவரின் படம் சுத்தமாகவே இருக்கலாம், சர்க்கரை நோயாளிக்கு நிழல் கீழ்ப்பகுதியில் விழலாம். அறிகுறி இருந்தால், படம் நன்றாக இருந்தாலும் சளி எடுங்கள்.

7. குழந்தைகளின் படத்தில் மார்புக்குள் வீங்கிய நெறிக்கட்டிதான் முக்கியத் தடயம். அதைப் படிப்பது டாக்டர் வேலை. நுரையீரலைச் சுற்றி நீர் கோத்திருக்கிறதா என்று பார்க்க அல்ட்ராசவுண்ட் போதும். சிடிக்கு எல்லோரையும் துரத்தாதீர்கள்.

8. வண்டி கிளம்பும் முன் சந்தேகப் பட்டியலையும் சளி டப்பாக்களையும் எண்ணிப் பாருங்கள். எண்ணிக்கை ஒத்துவராவிட்டால் யார் விடுபட்டார் என்று பார்த்து, சுகாதார ஆய்வாளரிடம் அவர் பெயரும் கைபேசி எண்ணும் கொடுத்துவிட்டு ஏறுங்கள்.