தாத்தாவின் துப்பாக்கியை விற்கப் போகிறீர்களா?

புதுச்சேரி பெரிய மார்க்கெட் பக்கம் பழைய பித்தளை அண்டாவை எடைக்குப் போட்டுவிட்டு வரலாம். இரட்டைக்குழல் துப்பாக்கியை அப்படிக் கைமாற்ற முடியாது. 1959 ஆயுதச் சட்டம் மத்தியச் சட்டம், புதுச்சேரிக்கும் கடலூருக்கும் ஒன்றுதான். வாங்குபவரிடம் உரிமம் இருக்க வேண்டும். அவர் பெயர், முகவரியை எழுதி மாவட்ட ஆட்சியரிடமோ அருகிலுள்ள காவல் நிலையத்திலோ கொடுத்துவிட்டு 45 நாள் பொறுக்க வேண்டும். ஒப்புகை வாங்காமல் திரும்பாதீர்கள். வாங்குபவர் கடலூர்க்காரர் என்றால், அவருடைய உரிமம் தமிழ்நாட்டுக்கு மட்டும் செல்லுமா, புதுச்சேரிக்குமா என்று பாருங்கள். கோட்டைவிடக்கூடிய இடம் இது. அவரிடம் ஏற்கெனவே எத்தனை துப்பாக்கி உண்டு என்றும் கேளுங்கள்; சட்டத்தின் 2019 திருத்தப்படி, பொதுவாக ஒருவருக்கு இரண்டு துப்பாக்கிதான்.

பெரியவர் காலமாகி, உங்கள் பெயரில் உரிமம் இல்லையா? வீட்டுப் பரணில் வைக்காமல், காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுதக் கடையிலோ உடனே ஒப்படையுங்கள். அங்கிருந்தே, தகுதியுள்ளவருக்கு விற்க வழியுண்டு.