சித்திரை வெயிலில் எங்கள் கொல்லைத் தோட்டம்

பெரும்பொழுது ஆறனுள் சித்திரையும் வைகாசியும் இளவேனில் எனத் தமிழ் வகுப்பில் படிக்கிறோம். இளவேனில் என்றதும் தென்றலும் குயிலும் நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால் புதுக்கோட்டைப் பக்கத்துச் செம்மண் பூமியில் கொல்லைத் தோட்டம் போட்டிருப்பவர்களைக் கேட்டால் வேறு கதை சொல்வார்கள். மே 4ஆம் நாளை ஒட்டிக் கத்திரி வெயில் தொடங்கிவிடும். கிணற்றில் விட்ட வாளி தரையைத் தட்டும். செடிகளோ அப்போதுதான் பூத்து நிற்கும். எதற்குத் தண்ணீர் ஊற்றுவது, எதைக் கைவிடுவது என்ற வழக்கு வீட்டுக்கு வீடு நடக்கும். சென்ற ஆண்டு எங்கள் வீட்டில் நடந்த வழக்கையும், தாவரவியல் மாணவி என்ற முறையில் அதில் நான் கற்றதையும் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் கொல்லை பெரியதன்று. கத்தரி பன்னிரண்டு செடி, இரண்டு பாத்தி வெண்டை, கொஞ்சம் தக்காளி, வேலியோரம் ஆறு தூர் குண்டுமல்லி, பின்சுவரை ஒட்டி ஒரு பரங்கிக் கொடி. கார்த்திகைக் கடைசியில் கவாத்து செய்திருந்ததால் மல்லிகை பங்குனியிலேயே மொட்டுக் கட்டத் தொடங்கிவிட்டது. அம்மா விடியலில் மொட்டுப் பறித்து, சரம் தொடுத்து, தெருவில் நான்கு வீடுகளுக்குக் கொடுப்பார். என் நோட்டுப் புத்தகச் செலவு அந்தச் சரத்தில் இருந்தது. கிணறு நாளொன்றுக்கு 15 குடத்துக்கு மேல் தரவில்லை. அதில் பரங்கிக்கு மட்டும் 4 குடம் போயிற்று. மாசிக் கடைசியில் ஊன்றிய கொடி சுவரெல்லாம் படர்ந்து மஞ்சள் மஞ்சளாகப் பூத்தது, காய்தான் இல்லை.

"மலட்டுக் கொடிடி இது. பூத்துப் பூத்துக் கொட்டுது. புடுங்கிப் போட்டுட்டு அந்தத் தண்ணிய மல்லிகைக்கு ஊத்து" என்றார் அப்பத்தா. அப்பாவும் தலையசைத்தார். தீர்ப்பு சொல்லியாயிற்று. நான் பத்து நாள் வாய்தா கேட்டு வாங்கினேன்.

பரங்கியில் ஆண் பூவும் பெண் பூவும் ஒரே கொடியில் தனித்தனியே பூக்கின்றன என்பதை நாம் படித்திருக்கிறோம். படித்ததைச் சுவரில் பார்க்கும்போதுதான் பாடம் விளங்குகிறது. மறுநாள் காலை எண்ணினேன். 23 பூக்கள் விரிந்திருந்தன. அவற்றுள் ஒன்றே ஒன்றின் அடியில் மட்டும் நெல்லிக்காய் அளவில் ஓர் உருண்டை இருந்தது. அதுதான் பெண் பூ. அந்த உருண்டையே சூற்பை. மற்ற 22 பூக்களும் நீண்ட மெல்லிய காம்பில் நின்ற ஆண் பூக்கள். மகரந்தம் தந்தபின் உதிர்வதுதான் அவற்றின் இயல்பு. கொடி முதலில் ஆண் பூக்களையே விடுகிறது. பெண் பூக்கள் பின்னர் வருகின்றன. நீண்ட பகலும் கடும் வெயிலும் ஆண் பூக்களைப் பெருக்குகின்றன. குளிர்ச்சியும் குறுகிய பகலும் பெண் பூக்களுக்குத் துணை செய்கின்றன. எனவே சித்திரையில் பூ கொட்டுவது கொடியின் மலட்டுத்தன்மை அன்று.

மார்கழிக் கோலத்தில் சாணப் பிள்ளையாருக்குச் செருகப் பரங்கிப் பூப் பறிக்கும் பெண்கள், நீளக் காம்புள்ள பூவாகப் பார்த்துத்தான் பறிக்கிறார்கள். அது ஆண் பூ என்று யாரும் அவர்களுக்குச் சொன்னதில்லை. காயும் குறைவதில்லை.

கொடியைக் குற்றவாளிக் கூண்டிலிருந்து இறக்கியபின், அங்கே நானே ஏற வேண்டியதாயிற்று. கொடி செழிக்கட்டும் என்று மாசியிலிருந்து இரண்டு முறை யூரியா வைத்தவள் நான். தழைச்சத்து மிகுந்தால் இலையும் தண்டும் பெருகும், காய் பின்தங்கும். சிவப்பு வண்டு இலையைத் துளைக்கிறதென்று காலை வேளையில் பூச்சிமருந்து தூவியவளும் நானே. பரங்கியின் மகரந்தம் கனமானது, பசையுள்ளது, காற்றில் பறக்காது. தேனீ வந்தால்தான் உண்டு. அந்தத் தேனீயை நானே விரட்டியிருக்கிறேன். அன்று முதல் மருந்தை நிறுத்திவிட்டு, விடியலில் இலை ஈரமாக இருக்கும்போது அடுப்புச் சாம்பல் தூவினேன். வண்டு முற்றும் ஒழியவில்லை, குறைந்தது.

தேனீ திரும்பும்வரை அதன் வேலையை நானே செய்யத் துணிந்தேன். அன்றே விரிந்த ஆண் பூ ஒன்றைப் பறித்து, இதழ்களைக் கிள்ளிவிட்டு, மகரந்தத் தண்டைப் பெண் பூவின் சூல்முடி மேல் மெதுவாகத் தடவ வேண்டும். அவ்வளவுதான். ஆனால் முதல் மூன்று நாளும் சாப்பிட்டுவிட்டுச் சாவகாசமாகப் பத்து மணிக்குப் போனேன். பூக்கள் அதற்குள் வாடி மூடத் தொடங்கியிருந்தன. நான் தடவிய மூன்று பிஞ்சுகளும் மஞ்சளித்து விழுந்தன. அப்பத்தா ஒன்றும் சொல்லவில்லை. கீழே கிடந்த பிஞ்சுகளைப் பொறுக்கி மாட்டுக்குப் போட்டார். நான்காம் நாள் முதல் ஆறு மணிக்கே போனேன்.

இந்தப் பத்து நாளுக்கும் தண்ணீர் வேண்டுமே? மல்லிகையின் பங்கில் கை வைக்க எனக்கு உரிமையில்லை. ஆகவே மற்றப் பாத்திகளின் உதிர்வையும் பார்த்தேன். தக்காளியில் பூவெல்லாம் காம்போடு விழுந்திருந்தது. பகல் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டி, இரவிலும் புழுக்கம் நீடித்தால் தக்காளியின் மகரந்தம் கெடுகிறது. எவ்வளவு ஊற்றினாலும் அப்போது காய் பிடிப்பது அரிது. அதற்கு உயிர்த்தண்ணீர் மட்டும் விட்டேன். வெண்டையில் ஐந்து செடிகளின் இலை நரம்புகள் மஞ்சளாகியிருந்தன. அது வெள்ளை ஈ பரப்பும் நச்சுயிரி நோய். வந்த செடியைத் தேற்ற மருந்தில்லை. ஐந்தையும் பிடுங்கினேன். மிஞ்சிய தண்ணீர் பரங்கிக்குப் போயிற்று. வேரடியில் சருகு மூடாக்குப் போட்டபின் 4 குடமும் 3 குடமாகக் குறைந்தது.

கத்தரியிலும் பூ உதிரத்தான் செய்தது. அதன் பூவை மலர்த்திப் பாருங்கள். சிலவற்றில் சூல்தண்டு நீண்டு மகரந்தப் பைகளுக்கு மேலே எட்டிப் பார்க்கும். சிலவற்றில் குட்டையாக உள்ளே ஒளிந்திருக்கும். நீண்டதும் நடுத்தரமானதும் காய்க்கும்; குட்டையானவை உதிர்ந்துவிடும். செய்முறை வகுப்பில் இதற்குத் தனியே பூ வாங்க வேண்டியதில்லை. எவர் வீட்டுக் கொல்லையிலும் கிடைக்கும். கத்தரியின் தண்ணீரை நான் குறைக்கவில்லை.

வாய்தா முடிந்த அன்று கொடியில் நான்கு பிஞ்சுகள் நின்றன. அப்பா பார்த்துவிட்டு, "இன்னும் கொஞ்ச நாள் பார்ப்போம்" என்றார். வைகாசி நடுவில் ஒரு மழை பெய்தது, பெண் பூக்கள் கூடின, தேனீக்களும் வந்தன. ஆனிக் கடைசிவரை 9 காய்கள் எடுத்தோம். அம்மா சரம் கொடுக்கும் நான்கு வீடுகளுக்கும் ஒவ்வொரு கீற்றுப் போயிற்று.

முதல் காயை அப்பத்தாதான் அரிந்தார். விதைகளை வழித்தெடுத்து, சாம்பலில் புரட்டி, முறத்தில் உலர்த்தி, ஆடிப் பட்டத்துக்கென்று பழைய டப்பாவில் போட்டு மாடத்தில் வைத்தார்.