எதிரியைத் தெரிந்தெடுத்தல்

பந்தயக் களத்திலே வெற்றி தோல்விகளைக் கண்டு ஆரவாரிப்போர் பலர். அப்பந்தயத்திற்கு நாள் குறித்தவர் யார், எதிரியைத் தெரிந்தவர் யார் என்று வினவுவோர் மிகச் சிலரே. ஓர் அணியின் ஆண்டுப் பலனிற் பெரும்பகுதி, பந்து மேலெழுவதற்குப் பல திங்கள் முன்னரே ஒரு மேசையின் மீது முடிவாகிவிடுகின்றது. அமெரிக்கக் கல்லூரிகளின் கூடைப்பந்து அணிகள் இதனை எங்ஙனம் செய்கின்றன என்பதை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

இவ்விளையாட்டு நமக்கு அயலானதன்று. 1891ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில், மாஸச்சூஸெட்ஸ் மாகாணத்து ஸ்பிரிங்பீல்டு நகரில் வை.எம்.ஸி.ஏ. பயிற்சிப் பள்ளியின் ஆசிரியரான ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்பார், பீச் பழக்கூடைகள் இரண்டை உயரத்தில் மாட்டி, 13 விதிகளை வகுத்து, 18 மாணாக்கரை இரு கூறாக்கி இதனை ஆடுவித்தார். அப்பள்ளியிற் பயின்ற ஹாரி குரோ பக் என்பவரே 1920இல் சென்னையில் வை.எம்.ஸி.ஏ. உடற்பயிற்சிக் கல்லூரியை நிறுவியவர்.

நிற்க. அமெரிக்காவில் முதற் பிரிவைச் சார்ந்த கல்லூரிகள் பெரும்பாலும் 'கான்பரன்ஸ்' எனப்படும் கூட்டங்களாகப் பிரிந்துள்ளன. 2024-25ஆம் பருவத்தில் ஓர் அணி வழக்கமாக 31 பந்தயங்கள்வரை ஆடிற்று. பெருங்கூட்டங்களில் அவற்றுள் 18 முதல் 20வரை கூட்டத்தினுள்ளேயே அமைந்தன. அவற்றின் நிரலைக் கூட்டமே வகுக்கும். எஞ்சிய 11 முதல் 13வரையுள்ள பந்தயங்களே அணியின் பயிற்சியாளர் தம் விருப்பப்படி அமைத்துக்கொள்ளத்தக்கவை. இவை பெரும்பாலும் நவம்பர், டிசம்பர் மாதங்களில் நிகழும்.

இச்சிறு தொகைக்கு இத்துணைக் கவலை ஏன் எனின், கூறுவாம். 2025ஆம் ஆண்டின் தேசியப் போட்டியில் 68 அணிகள் ஆடின. அவற்றுள் 31 தத்தம் கூட்டத்தில் வாகை சூடியவை. ஏனைய 37 ஒரு குழுவினரால் தெரிந்தெடுக்கப்பட்டவை. அக்குழுவினர் நோக்கும் கருவிகளுள் ஒன்று 2018-19 தொட்டு வழங்கும் 'நெட்' என்னும் தரவரிசை. அதன்படி வெற்றிகள் நான்கு வகுப்புகளாகப் பகுக்கப்படும். முதல் வகுப்பு வெற்றியாவது, சொந்தக் களத்தில் முதல் 30 அணிகளுள் ஒன்றையோ, பொதுக் களத்தில் முதல் 50இல் ஒன்றையோ, எதிரியின் களத்தில் முதல் 75இல் ஒன்றையோ வெல்லுதல். எனவே 70ஆம் இடத்து அணியை வீட்டிலே வென்றால் அது இரண்டாம் வகுப்பு. அவ்வணியையே அதன் ஊருக்குச் சென்று வென்றால் அது முதல் வகுப்பு. அயலூர்க் களத்தின் அருமையை இவ்வளவுகோல் நன்கு உணர்ந்துள்ளது.

ஆகவே நிரல் வகுப்போர் மூவகை எதிரிகளை நாடுவர். முதலாவது, தம்மினும் வலியார். தோற்பினும் இழுக்கில்லை, வெல்லின் பெரும்பேறு. இரண்டாவது, தமக்கு நிகரானார். இவரோடு ஓராண்டு இங்கும் மறு ஆண்டு அங்குமாக ஆட உடன்படிக்கை செய்வதுண்டு. மூன்றாவது, மெலியார், செல்வமுடைய கல்லூரி பணங்கொடுத்து இவரைத் தன் களத்திற்கு வரவழைக்கும். சிறு கல்லூரிகள் பல இப்பணத்தைக் கொண்டே தம் விளையாட்டுச் செலவின் ஒரு பகுதியைத் தாங்குகின்றன. அதன் பொருட்டு அவற்றின் இளைஞர் பருவத் தொடக்கத்திலே ஊர் ஊராகச் சென்று, பெரும்பாலும் தோற்றுத் திரும்புகின்றனர். வரவு கல்லூரிக்கு; தோல்வியின் சுமை மாணாக்கருக்கு. இதனை மறந்து வகுக்கப்படும் நிரல் நல்ல நிரலாகாது.

மெலியார் என்று எண்ணப்பட்டோர் எப்பொழுதும் மெலியாராய் இருப்பதில்லை. 1982ஆம் ஆண்டு டிசம்பர் 23ஆம் நாள், நாட்டின் முதலிடத்திலிருந்த வர்ஜீனியா அணி, ஜப்பானில் ஆடித் திரும்பும் வழியில், ஹொனலூலுவிலுள்ள சாமினாட் என்னும் சிறு கத்தோலிக்கக் கல்லூரியோடு ஒரு பந்தயம் வைத்துக்கொண்டது. ஏழடிக்கு மேற்பட்ட ரால்ப் ஸாம்ப்ஸன் தம் பக்கம் இருந்தும், வர்ஜீனியர் 77க்கு 72 என்ற கணக்கில் தோற்றனர். இடைவழித் தங்கலுக்காகச் சேர்த்த ஒரு பந்தயமே அப்பருவத்தின் நினைவாய் நிலைத்தது. அவ்வெற்றியின் புகழாற் பிறந்ததே 1984இல் தொடங்கிய மௌயி அழைப்புப் போட்டி.

மற்றொன்றும் கூறுவாம். நியூஜெர்ஸி மாகாணத்து மன்மத் பல்கலைக்கழக அணி 2015-16இல் துணிந்து வெளியே சென்றது. லாஸ் ஏஞ்ஜலீஸில் யூ.ஸி.எல்.ஏ. அணியை அதன் களத்திலேயே வென்றது. நோத்ர தாம், ஜார்ஜ்டவுன் முதலிய பேரணிகளையும் வீழ்த்தியது. ஆயினும் தன் கூட்டத்தின் இறுதிப் பந்தயத்தில் ஐயோனாவிடம் தோற்றது. தரவரிசையில் மிகத் தாழ்ந்த அணிகள் சிலவற்றிடமும் முன்னரே தோற்றிருந்தது. தேசியப் போட்டிக்கு அதனைக் குழுவினர் அழைத்திலர். நன்கு வகுத்த நிரல் வாயிலைத் திறக்கும். நுழைவதற்கு ஒவ்வொரு நாளும் விழிப்பு வேண்டும்.

இறுதியாக, டிசம்பர் நடுவில் பரீட்சை வரும். அவ்வாரத்தில் நெடும்பயணம் குறியாது விடுதலே அறிவுடைமை. ஆடுவோர் மாணாக்கர் என்பதை நாட்குறிப்பே பறைசாற்றவேண்டும்.

இவற்றால் நாம் பெறும் பாடம் யாது? எளியாரையே தேடி வென்று எண்ணிக்கையைப் பெருக்குதல் அச்சம். எந்நாளும் வலியாரையே தேடி இளைஞரின் ஊக்கத்தைக் கெடுத்தல் அகந்தை. நம்மை வளர்க்கும் எதிரியை, நாம் தாங்கும் அளவில், தக்க காலத்தில் தெரிந்தெடுப்பதே திறமை. நமது கல்லூரியில் அடுத்த ஆண்டுப் பந்தயங்களுக்கு நாள் குறிக்க அமரும் நண்பர்கள் இதனை ஒருமுறை எண்ணிப் பார்ப்பார்களாக.