வீட்டுக்குப் பின்னால் ஒரு திடல்

எங்கே குடியிருக்கிறீர்கள் என்று கேட்டால் நம்மில் பலர் ஏதோ ஒரு தாமானின் பெயரைச் சொல்வோம். தாமான் என்ற மலாய்ச் சொல்லின் முதற்பொருள் பூங்கா. அப்படியானால் உங்கள் தாமானில் பூங்கா எங்கே இருக்கிறது? பல்கலைக்கழகத்தில் முதலாம் ஆண்டு முடித்து விடுமுறையில் வீடு திரும்பியிருந்தபோது என் தங்கை இதைக் கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. அந்தக் கேள்வியின் பின்னால் நடந்து கற்றதையே இங்கே எழுதுகிறேன்.

நான் பிறந்தது ஜாசின் மாவட்டத்துத் தோட்டமொன்றில். இந்நாட்டில் வணிக நோக்கில் ரப்பர் பயிரிட்ட முன்னோடிகளுள் ஒருவர் தான் சே யான். 1896இல் அவர் கன்று நட்ட புக்கிட் லிந்தாங் மலாக்காவில்தான் இருக்கிறது. அந்த மண்ணில் லயங்கள் எழுந்த கதை நம் பாட்டன்மாருக்குத் தெரியும். எங்கள் தோட்டத்தில் லயத்து வாசலில் நின்றால் திடல் தெரியும். ஒரு பக்கம் கோயில், மறுபக்கம் பள்ளி. தீபாவளிக்குப் பந்தாட்டம், திருவிழாவுக்குத் தீமிதி, சில இரவுகளில் வெள்ளைத் திரை கட்டிப் படம். பாய் விரித்து இடம் பிடிக்க அம்மா எங்களை மாலையிலேயே அனுப்பிவிடுவார். ஊரே புழங்கிய அந்தத் திடலில் ஒரு சாண்கூட எங்களுடையதாக இருக்கவில்லை. தோட்டம் விற்கப்பட்டபோது திடலும் சேர்ந்து போனது. யாரும் எங்களிடம் கேட்கவில்லை. கேட்க வேண்டிய கட்டாயமும் யாருக்கும் இல்லை.

தாமானில் நிலைமை நேர்மாறு. புதிய வீடமைப்புத் திட்டம் ஒன்றுக்கு ஒப்புதல் தரும்போது, மொத்த நிலப்பரப்பில் 10 விழுக்காட்டைத் திறந்தவெளியாக ஒதுக்க வேண்டும் என்பது நம் நாட்டின் திட்டமிடல் வழிகாட்டி. 1976ஆம் ஆண்டின் நகர, கிராமத் திட்டமிடல் சட்டம் பூங்கா, விளையாட்டுத் திடல், நடைபாதை போன்ற பொது நிலத்தைத் திறந்தவெளி என்று வரையறுக்கிறது. மேம்பாட்டாளர் அதை மாநில அரசிடம் ஒப்படைக்க வேண்டும். 1965ஆம் ஆண்டின் தேசிய நிலச் சட்டத்தின் 62ஆம் பிரிவின்படி மாநில அரசு அதைப் பொதுப் பயனுக்கென அரசிதழில் அறிவித்து ஒதுக்கலாம். அப்படி ஒதுக்கிய பின் அதை மற்றவருக்குக் கொடுப்பது எளிதன்று. 64ஆம் பிரிவு, ஒதுக்கீட்டை நீக்குமுன் விசாரணை நடத்தி ஆட்சேபங்களைக் கேட்கச் சொல்கிறது. தோட்டத்துத் திடலுக்கு இல்லாத பாதுகாப்பு இது.

சரி, அந்த 10 விழுக்காடு எங்கள் தாமானில் எங்கே? திட்ட வரைபடத்தில் பச்சை நிறம் தீட்டப்பட்ட இடங்களைத் தேடி நடந்தேன். ஒன்று, மூன்று சாலைகள் கூடும் முக்கோணத் துண்டு. ஒரு மரத்துக்கே இடம் போதாது. மற்றொன்று வெள்ளநீர்த் தேக்கப் பள்ளம். 2001இல் நடப்புக்கு வந்த வடிகால் கையேட்டுக்குப் பிறகு இத்தகைய பள்ளங்கள் பெருகின. மழையில்லா நாளில் பையன்கள் அங்கே பந்து விளையாடுகிறார்கள். மூன்றாவதைக் கண்டுபிடிக்கத்தான் நேரமாயிற்று. அது எங்கள் வீட்டுக்கு நேர் பின்னாலேயே இருந்தது! நாற்புறமும் சமையலறைச் சுவர்கள். உள்ளே போகத் துணை மின்நிலையத்தை ஒட்டி இருவர் நடக்கும் அகலத்தில் ஓர் இடைவெளி. ஏழு ஆண்டுகளாக அதைக் காடு என்றே நினைத்திருந்தோம்.

இப்படி மறைத்து வைப்பது பிழையன்று, ஒரு காலத்தில் அது கொள்கை. பினாங்கில் குடியேற்றத்தைத் தொடங்கிய பிரான்சிஸ் லைட்டின் மகன் வில்லியம் லைட்தான் ஆஸ்திரேலியாவின் அடிலெய்ட் நகரைப் பூங்காக்கள் சூழ வரைந்தவர். அவர் பெயரால் அந்நகரில் எழுந்த கர்னல் லைட் கார்டன்ஸ் புறநகரைத் திட்டமிட்ட சார்ல்ஸ் ரீட், வீட்டு வரிசைகளின் முதுகுப்புறத்தில் உள்பூங்காக்களை வைத்தார். பிள்ளைகள் சாலையைக் கடக்காமல் விளையாடலாம். அதே ரீட் 1921இல் கோலாலம்பூருக்கு வந்து கூட்டு மலாய் மாநிலங்களின் நகரத் திட்டமிடல் அதிகாரியானார். யோசனை நல்லதுதான். ஆனால் வீடுகள் முதுகைக் காட்டி நிற்கும் இடத்தில் கண்கள் இல்லை. கண்கள் இல்லாத இடத்தில் முதலில் குப்பை வரும், பிறகு வேலி வரும்.

நாம் பேசத் தயங்கும் ஒன்றையும் சொல்ல வேண்டும். தோட்டத்தை விட்டு வந்தவர்கள் சாமியையும் கூட்டிவந்தார்கள். காலியாகக் கிடந்த மூலையில், மரத்தடியில் சூலம் நட்டார்கள். பின்னர் கூரை போட்டார்கள். அந்த மூலை திறந்தவெளி ஒதுக்கீடாக இருந்தால் கோயிலுக்குப் பட்டா கிடைப்பது கடினம். பக்தியில் குறை இல்லை. வரைபடத்தைப் பார்க்காததே குறை.

கோலாலம்பூரின் தாமான் ரிம்பா கியாரா வழக்கு இன்னும் சிக்கலானது. ஏறத்தாழ 25 ஏக்கர் பூங்காவில் 12 ஏக்கரில் அடுக்ககங்கள் கட்ட 2017இல் அனுமதி தரப்பட்டது. குடியிருப்பாளர்கள் வழக்குத் தொடுத்தனர். 2023 ஏப்ரலில் கூட்டரசு நீதிமன்றம் அந்த அனுமதி செல்லாது என்றது. பூங்காவை ஒட்டிய நீண்ட வீடுகளில் வாழ்ந்தவர்களோ 1980களில் புக்கிட் கியாரா தோட்டத்திலிருந்து அப்புறப்படுத்தப்பட்ட நம் தொழிலாளர் குடும்பங்கள். அவர்களுக்கான நிரந்தர வீடுகளும் அதே திட்டத்தில்தான் சேர்க்கப்பட்டிருந்தன. பூங்கா பிழைத்ததில் எனக்கு மகிழ்ச்சி. ஆனால் ஏழையின் வீட்டையும் ஊரின் பூங்காவையும் ஒரே துண்டு நிலத்தில் மோதவிட்டவர்களை மன்னிக்க முடியவில்லை.

மலாக்காவில் உள்ளூராட்சி மன்றங்கள் நான்கு: வரலாற்று மாநகராண்மைக் கழகம், ஹங் துவா ஜெயா, அலோர் காஜா, ஜாசின் நகராண்மைக் கழகங்கள். உங்கள் தாமான் எதன் கீழ் வருகிறதோ அதன் திட்டமிடல் பிரிவில் வரைபடத்தைக் கேளுங்கள். பச்சைத் துண்டின் லோட் எண்ணைக் குறித்துக்கொண்டு நில அலுவலகத்தில் கட்டணம் கட்டித் தேடினால், அது யார் பெயரில் இருக்கிறது என்பது தெரியும். இன்னும் மேம்பாட்டாளர் பெயரிலேயே இருந்தால், ஒப்படைப்பு முடியவில்லை என்று பொருள். அப்போதே குடியிருப்பாளர் சங்கத்தின் வழி எழுதிக் கேட்க வேண்டும்.

எங்கள் பின்திடல் ஒப்படைக்கப்பட்டிருந்தது. வரைபடத்தை மேசையில் விரித்து அப்பாவிடம் காட்டினேன். அவர் விரல் எல்லைக்கோட்டின் மேல் மெல்ல நகர்ந்து ஓரிடத்தில் நின்றது. தாமானுக்கு வந்த ஆண்டு அவர் நட்ட முருங்கையும், அதைச் சுற்றிக் கட்டிய கம்பிவேலியும் கோட்டுக்கு அந்தப் பக்கம், திடலுக்குள் இருந்தன.

மறுவாரம் வேலியைப் பிரித்தோம். மரத்தை வெட்ட அம்மா சம்மதிக்கவில்லை. இப்போது எதிர்வரிசை சீனக் கிழவியும் அதில் கீரை பறிக்கிறார். எப்படிச் சமைப்பது என்று அம்மாவிடம் கேட்டுக்கொண்டு போனார்.