கேட்பவருக்கும் கேட்காதவருக்கும்



துல்ஹஜ் பிறை பிறந்தால் நம்மிடம் அதிகம் வரும் கேள்வி ஆட்டைப் பற்றியதுதான். “மேச்சேரி ஆட்டுக்குக் கொம்பே இல்லையே, குர்பானிக்கு ஆகுமா?” தாராளமாக ஆகும். பிறவியிலேயே கொம்பில்லாதது குறையல்ல. கண் பழுது, நோய், நொண்டி, எலும்பும் தோலுமான மெலிவு ஆகியவைதான் கூடாது. ஆட்டைப் பல் பிடித்துப் பார்த்து வாங்குகிற நாம், அறுத்த பிறகு அதே கவனத்தோடு இருக்கிறோமா?

இறைச்சியோ இரத்தமோ அல்லாஹ்வைச் சென்றடைவதில்லை, நம் இறையச்சமே சென்றடைகிறது என்கிறது சூரத்துல் ஹஜ்ஜின் 37ஆம் வசனம். அதற்கு முந்திய வசனம், நீங்களும் உண்டு, கேட்டு வருபவருக்கும் இருப்பதைக் கொண்டு பொறுத்துக் கேட்காமல் இருப்பவருக்கும் உண்ணக் கொடுங்கள் என்கிறது.

கேட்பவர் வாசலுக்கு வந்துவிடுவார். மற்றவரை நாம்தான் தேடிப் போக வேண்டும். நாமக்கல் பக்கம் எத்தனையோ வீடுகளில் கணவர் லாரியோடு வடநாட்டில் இருப்பார். பெருநாளன்று மனைவியும் பிள்ளைகளும் மட்டும் வீட்டில். அந்தச் சகோதரி பை எடுத்துக்கொண்டு தெருவில் நிற்க மாட்டார். மூன்று பங்கு வைப்பது விரும்பத்தக்கது என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் தொடைக்கறி ஃபிரிட்ஜுக்கும் எலும்பும் கொழுப்பும் ஏழைக்கும் போனால் அது என்ன பங்கு? பக்கத்து வீட்டு மாற்றுமதச் சகோதரருக்கும் கொடுக்கலாம், தடையில்லை.

அடுத்து, தோல். தோலுக்கு விலை விழுந்துவிட்டதால், “கூலியில் கழித்துக்கொள்ளுங்கள்” என்று அறுப்பவரிடமே விட்டுவிடும் பழக்கம் வந்திருக்கிறது. இது கூடாது. ஹிஜ்ரி 10இல், இறுதி ஹஜ்ஜின்போது நபி (ஸல்) அவர்கள் நூறு ஒட்டகங்களைக் குர்பானி கொடுத்தார்கள். 63 ஒட்டகங்களைத் தம் கையாலேயே அறுத்து, மீதியை அலீ (ரலி) அவர்களிடம் ஒப்படைத்தார்கள். இறைச்சி, தோல், மேல்விரிப்பு எல்லாவற்றையும் தர்மம் செய்துவிட வேண்டும், அறுப்பவருக்கு அதிலிருந்து கூலி தரக்கூடாது என்பது உத்தரவு. கூலியைக் கைக்காசிலிருந்து கொடுத்தார்கள். தோலை நாமே பயன்படுத்தலாம், அன்பளிப்பாகவும் தரலாம். விற்றால் அந்தக் காசு, ஐம்பது ரூபாயானாலும், ஜகாத் பெறத் தகுதியான ஏழைக்குரியது. பள்ளிவாசல் கட்டடத்துக்கோ இமாமின் சம்பளத்துக்கோ அதை எடுக்க முடியாது.

உங்கள் தெருவில் கேட்காத வீடு எது என்று உங்களுக்குத்தான் தெரியும். பிறை 9 அஸருக்குள் அலுவலகத்தில் சொல்லுங்கள். பெயர் வெளியே போகாது. பெருநாளன்று லுஹருக்கு முன் நம் பிள்ளைகள் கறியைக் கொண்டுபோய் வீட்டிலேயே கொடுத்துவிடுவார்கள், இன்ஷா அல்லாஹ்.