தானியங்கிக் கியரும் நாற்சக்கர விசையும்

செங்கற்பட்டுச் சீமைக்கும் கரடுமுரடான வழிகளுக்கென்றே அமைந்த பெருங்கார்களுக்கும் உறவு நெருங்கியது. மறைமலைநகரில் முன்பு ஃபோர்டு எண்டெவர் உருவாயிற்று. செங்கற்பட்டை அடுத்த மஹிந்திரா உலக நகரில் அந்நிறுவனத்தின் ஆராய்ச்சிக்கூடம் இயங்குகின்றது. ஆயினும் இவற்றை ஓட்டுவோருட் பலர் இரு கோல்களின் தொழிலைப் பிரித்தறியாதிருத்தல் கண்டு இதனை எழுதப் புகுந்தோம். 2020-இல் வெளிவந்த தார் வண்டியின் நாற்சக்கர விசையுள்ள தானியங்கி வகையை ஈண்டு எடுத்துக்கொள்வோம்.

பெரிய கோல் கியர்ப்பெட்டிக்குரியது. பி நிறுத்துநிலை, ஆர் பின்னோட்டம், என் விடுநிலை, டி முன்னோட்டம். கிளச்சு மிதி இல்லை. அதன் தொழிலை எண்ணெய் நிறைந்த ஒரு கலம் செய்கின்றது. எஞ்சின் ஒருபுறத்து இறகுகளைச் சுழற்ற, அவை எறியும் எண்ணெய் எதிர்ப்புறத்து இறகுகளைத் தள்ளும். ஆதலின் முன்னோட்டத்தில் பிரேக்கை விட்ட அளவிலே, வேறு மிதி தொடாமலே, வண்டி ஊர்ந்து புறப்படும். பிரேக்கை மிதித்தே கோலை மாற்றுக என்பது இதனாலேயாம். வலக்கால் ஒன்றே இரு மிதிகளுக்கும் உரியது. இடக்கால் வாளா இருக்கட்டும்.

நிறுத்துநிலையைப் பலர் பெரும்பூட்டென நம்புகின்றனர். அஃது ஒரு பற்சக்கரத்தின் பள்ளத்தில் விழும் சிறு கொளுவியே. சரிவில் நிறுத்துங்கால் பிரேக்கை மிதித்தபடியே கைப்பிரேக்கை இழுத்துப் பின்னரே பி-இல் இடுக. இல்லையேல் வண்டியின் பாரம் அச்சிறு இரும்பின்மேல் தொங்கும்.

நிற்க. சிறிய கோலின் நிலைகள் இரண்டு-எச், நான்கு-எச், என், நான்கு-எல். முதலாவதில் பின்சக்கரங்கள் மட்டும் விசை பெறும். நான்கு-எச்சில் நான்கும் பெறும். நான்கு-எல்லில் விரைவு குறைந்து வலிமை மிகும். இடையே உள்ள என்னே அஞ்சத்தக்கது. அதில் கியர்ப்பெட்டிக்கும் சக்கரங்களுக்கும் உள்ள தொடர்பு அறுகின்றது. பெரிய கோல் பி-இல் இருந்தும் பயனில்லை. சரிவாயின் வண்டி உருளும். நான்கு-எல்லுக்கு மாற்ற, வண்டியை நிறுத்திப் பெரிய கோலை விடுநிலையில் வைத்தல் முறை. அப்போது சிறிய கோலும் தன் என்னைக் கடக்கின்றது. அக்கணத்தில் வண்டியைப் பிடித்து நிறுத்துவது ஓட்டுவோன் காலடியிலுள்ள பிரேக் ஒன்றே. புதைந்த வண்டியைத் தள்ள வந்த நண்பர் அவ்வேளை அதன் முன்னும் பின்னும் நில்லாதிருத்தல் வேண்டும்.

திருப்பங்களில் முன்சக்கரங்கள் பின்சக்கரங்களினும் நெடுவழி செல்வன. நான்கு-எச்சிலோ இரு அச்சுகளும் ஒரே கணக்கிற் சுழலுமாறு பிணைக்கப்படுகின்றன. மணலில் சக்கரம் சறுக்கி அவ்வேறுபாட்டைத் தீர்த்துக்கொள்ளும். திருக்கழுக்குன்றம் வழியே மாமல்லபுரம் செல்லும் உலர்ந்த தார்ச்சாலையில் அதற்கு இடமின்மையின் முறுக்கு உறுப்புகளுள்ளே தங்கும்; ஸ்டியரிங் கனக்கும்; பற்கள் தேயும்.

மழைநாளிற் கிழக்குக் கடற்கரைச் சாலையில் இவ்விசையை நம்பி விரைவாரும் உளர். விசை புறப்படுதற்கே துணை. பிரேக்கோ எளிய கார்களுக்கும் நான்கு சக்கரங்களிலும் உண்டு. நிற்கும் தூரம் இதனாற் குறையாது.

மாமல்லபுரக் கடற்கரை, வலை உலர்த்துவோர்க்கும் தை முதற் பங்குனி வரை முட்டையிட ஏறும் பங்குனி ஆமைகளுக்கும் உரியது. ஆங்கே வண்டியோட்டுதல் எமக்கு உடன்பாடன்று. சவுக்குத் தோப்புகளின் மணல்வழியிற் செல்ல நேரின், மணல் தொடங்குமுன்பே நான்கு-எச்சுக்கு மாற்றி, டயரின் காற்றைச் சதுர அங்குலத்துக்கு 20 பவுண்டு அளவிற்குக் குறைக்க. டயர் பரந்து மணலின்மேல் மிதக்கும். சக்கரம் நின்றவிடத்தே சுழலின் உடனே காலை எடுக்க. மேலும் மிதித்தால் அது குழியே தோண்டும். தார்ச்சாலை எதிர்ப்பட்டவுடன் இரண்டு-எச்சுக்குத் திரும்பி, விரைவு கூட்டுமுன் காற்றை நிரப்புக. காற்றுக் குறைந்த டயர் விரைவில் சூடேறி வெடிக்கவும் கூடும்.