மறதியுற்ற முதியோரும் அவரைக் காப்போர்தம் ஓய்வும்

பிணிகளுள் சில நோயாளரை மட்டும் வருத்துவன. சில அவரை அடுத்திருப்போரையும் உடன் வருத்துவன. முதுமையில் தோன்றும் மறதிநோய் பின்னதன் பாற்பட்டது. மருத்துவர் இதனை டிமென்ஷியா என வழங்குவர். இந்நோயின் இயல்பையும், வறிய இல்லங்களில் இந்நோயாளரைக் காத்து நிற்போர்க்குச் சிறிது ஓய்வளிக்க வேண்டியதன் இன்றியமையாமையையும், புதுவையைச் சார்ந்த வில்லியனூர், பாகூர்க் கொம்யூன்களின் சிற்றூர்களை மனத்திற்கொண்டு ஈண்டு எடுத்துரைக்கப் புகுகின்றாம்.

1. நோயின் இயல்பு

முதுமையில் ஒரு பெயர் நினைவிற்கு வாராமையும், வைத்த பொருளைத் தேடுதலும் எவர்க்கும் இயல்பே. மறதிநோய் அதனின் வேறாயது. மூளையின் உயிரணுக்கள் படிப்படியாய் அழிதலின், நினைவு மட்டுமன்றி வழியறிதல், கணக்கிடுதல், உடுத்தல், உண்ணுதல் ஆகிய ஆற்றல்களும் ஒவ்வொன்றாய்க் குறைகின்றன. உண்டு கைகழுவிய முதியவர், 'எனக்கு இன்னும் சோறிடவில்லை' என்பார். பெற்ற மகளை 'நீ யார்?' என வினவுவார். அந்தி வேளையில் தம் வீட்டிலிருந்துகொண்டே, 'வீட்டிற்குப் போகவேண்டும்' என்று புறப்படுவார்.

இந்நோய்க்குரிய காரணங்களுள் தலையாயதை ஜெர்மானிய மருத்துவர் அலாய்ஸ் அல்ஸைமர் 1906-ஆம் ஆண்டில் அறிஞர் அவையில் விளக்கினார். அது அவர் பெயராலேயே வழங்கிவருகிறது. மூளையின் இரத்தக் குழாய்கள் அடைபடுவதாலும் மறதிநோய் உண்டாம். தைராய்டுக் குறைவாலும் பி12 வைட்டமின் குறைவாலும் நேரும் மறதி மருந்தினால் நீங்கவுங்கூடும். ஆதலின், 'வயதாகிவிட்டது' என்று வாளாவிராது, மருத்துவரிடம் ஒருமுறையேனும் காட்டுதல் கடனாகும். அல்ஸைமர் நோயை முற்றும் நீக்கும் மருந்து இன்றும் இல்லை.

இது நகரத்துச் செல்வரின் நோயென்று கருதற்க. சென்னையை அடுத்த திருப்போரூர்ச் சிற்றூர்ப் புறத்தில் நிகழ்த்தி 1997-இல் வெளியிட்ட ஆராய்ச்சி, அறுபது வயது நிரம்பியோருள் நூற்றுக்கு 3.5 பேரிடம் இந்நோயைக் கண்டது. வேறு முறையில் இந்தியா முழுவதையும் ஆராய்ந்து 2023-இல் வெளியிட்ட கணக்கு, நூற்றுக்கு 7.4 பேர், அதாவது ஏறத்தாழ 88 இலட்சம் பேர் எனக் கூறுகிறது. நகரினும் நாட்டுப்புறத்திலும், ஆடவரினும் பெண்டிரிடத்தும் இந்நோய் மிகுதி என்பதும் அதனால் விளங்கும்.

2. காப்போர் படும் பாடு

இத்தகைய முதியோரைப் பேணும் நேரத்தில் நூற்றுக்கு எழுபது பங்கு பெண்டிரது உழைப்பே என உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. நம் ஊர்களில் அவள் மனைவியாகவோ மகளாகவோ மருமகளாகவோ இருப்பாள். பாகூர் ஏரியின் பாசன வயல்களில் நடவிற்கும் களையெடுப்பிற்கும் செல்லும் ஒரு பெண்ணை எண்ணிப் பார்ப்போம். வீட்டில் மறதியுற்ற மாமியார் இருக்கின்றார். கதவைப் பூட்டிச் சென்றால் அடுப்பையும் கிணற்றையும் பற்றிய அச்சம்; பூட்டாது சென்றால் கிழவியார் சாலையில் இறங்கிவிடுவார் என்னும் அச்சம்; செல்லாதிருந்தாலோ அன்றைய கூலி இல்லை. இரவிலும் உறக்கமில்லை. இவ்வாறு ஆண்டுக்கணக்காய் நிகழுமிடத்து, அவள் ஒருநாள் கடுஞ்சொற் கூறின், அயலார் அவளைப் பழிக்கின்றனர். பழிப்பார் பலர், அவளிடத்தில் ஒருமணி நேரம் அமர்ந்திருப்பார் அரியர்.

அரசினர் தரும் முதியோர் உதவித்தொகை அரிசிக்கும் மருந்திற்கும் துணையாம். பெற்றோரைப் பேணாத மக்களிடமிருந்து பொருள் பெற்றுத்தர 2007-ஆம் ஆண்டின் சட்டம் உளது. ஆயினும், பேண விரும்பியும் உடல் சோர்ந்தவளுக்குப் பணமோ சட்டமோ உறக்கத்தைத் தருதல் இயலாது. அதனைத் தரவல்லது மற்றொரு மனிதரின் வருகையே.

3. ஓய்வுதவி என்பது யாது?

பயிற்சி பெற்ற ஒருவர் குறித்த நாளில் வீட்டிற்கே வந்து, மூன்று நான்கு மணி நேரம் முதியவரோடிருக்க, காப்பவர் அந்நேரத்தில் உறங்கவோ, வேலைக்குச் செல்லவோ, தம் நோய்க்கு மருத்துவரை நாடவோ இடஞ்செய்தலே வீட்டு ஓய்வுதவியாம். முதியவரை வேறிடங் கொண்டுசென்று வைத்தலினும் இது வறியோர்க்கு ஏற்றது. என்னை? வண்டிக் கூலி இல்லை. பழகிய திண்ணையும் பழகிய பாயும் மாறுவதில்லை. புதிய இடம் இந்நோயாளருக்குக் கலக்கத்தை மிகுவிக்கும்.

இத்தகைய முயற்சிக்கு முன்மாதிரிகள் உள. கோவாவில் சங்காத் என்னும் அமைப்பினர் 81 குடும்பங்களை ஆராய்ச்சிக்கு எடுத்து, உள்ளூரார் சிலரைப் பயிற்றி, ஆறு திங்கள் வீடுதோறும் அனுப்பினர். நோயின் இயல்பை விளக்குதலும், காப்போர் குறை கேட்டலும், வேண்டுழி மருத்துவரிடம் அனுப்புதலுமே அவர்தம் பணி. காப்போரின் மனநலம் மேம்பட்டது என 2008-இல் வெளியான அதன் முடிபு காட்டிற்று. கேரளத்தில், 2001 முதலாக மலப்புறம் முதலிய இடங்களில், அக்கம்பக்கத்தாரே வாரத்தில் இரண்டு மணி நேரமேனும் ஈந்து, தீரா நோயாளரை வீட்டிற் சென்று பார்க்கும் முறை வேரூன்றியது. முன்னது அறிவுதவி, பின்னது ஆளுதவி. ஓய்வை மட்டும் தனித்தளிப்பதன் பயனை அளந்த ஆய்வுகள் மிகச் சிலவே என்றும், அவை உறுதியான முடிபிற்குப் போதா என்றும் 2014-இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு கூறிற்று. ஆகலின் அறிவும் ஓய்வும் ஒருங்கே வருதல் நன்று.

4. செய்யும் முறை

செல்பவர் அடிக்கடி மாறலாகாது; ஒரே நாளில், ஒரே வேளையில், அவரே செல்லவேண்டும். முதல் இருமுறை, காப்பவர் உடனிருக்கும்போதே பழகுதல் முறை. முதியவரை எப்பெயரால் அழைப்பர், முன்பு என்ன தொழில் செய்தார், எப்பாட்டை விரும்புவார், எவ்வேளையில் உண்பார், கழிப்பிடம் செல்வார் என்பவற்றை ஒரு தாளிற் குறித்துக்கொள்க. அவர் கூறுவது பிழையாயினும் வாதாடற்க. 'வீட்டிற்குப் போகவேண்டும்' என்பாரை மறுக்காது, அவ்வீட்டைப் பற்றி வினவின் மனம் அடங்குவதுண்டு. கீரை ஆய்தல், பூத்தொடுத்தல், பயறு பொறுக்குதல் போன்ற கைப்பழக்க வேலைகள் நெடுநாள் மறவாமல் நிற்கும். அவற்றை அவர்க்குக் கொடுக்க. கட்டிவைத்தல் கூடாது. ஓரிரு நாளில் திடீரெனக் குழப்பம் மிகுந்தால், அது மறதிநோயின் வளர்ச்சியன்று. காய்ச்சலோ சிறுநீர்த்தாரைத் தொற்றோ இருத்தல் கூடும். உடனே ஆரம்ப சுகாதார நிலையத்திற்குத் தெரிவித்தல் வேண்டும்.

5. யார் செய்வது?

மாணவர் செய்யலாம் எனச் சிலர் கூறுவர். விடுமுறையில் இருவர் இருவராய்ச் சென்று உதவுதல் மாணவர்க்குத் தகுந்ததே. ஆயினும், தேர்வுக் காலத்தில் நின்றுவிடும் உதவி, நம்பியிருந்தவளை முன்னினும் துன்புறுத்தும். ஆதலின் இப்பணிக்கு நிலையான அடிப்படை வேண்டும். மகளிர் சுய உதவிக் குழுக்களில் விருப்பமுள்ளோரைத் தெரிந்து, மருத்துவக் கல்லூரிகளின் துணையாற் பயிற்றி, கொம்யூன் பஞ்சாயத்தின் வாயிலாக ஊதியமும் தருதல் தக்கதென்பது எம் கருத்து. ஊதியமின்றி இதனை ஏழைப் பெண்டிரிடம் எதிர்பார்த்தல், ஒருத்தியின் சுமையை மற்றொருத்தி தோளில் மாற்றுவதேயாகும்.

நல்ல சமாரியன் உவமையில், அவன் காயங் கட்டியதையே பலரும் போற்றுவர். மறுநாள் தன் வழிச் செல்லுமுன், சத்திரக்காரனிடம் பணங்கொடுத்துப் பேணச் சொன்னதையும், மேற்செலவைத் திரும்பி வருங்கால் தருவதாக உரைத்ததையும் நாம் கருதுவதில்லை. இரக்கம் ஒருநாளோடு முடியாமைக்கு அவன் செய்த ஏற்பாடு அது.

மாணவ நேயர்காள்! நும் தெருவில் இத்தகைய இல்லம் எது என்பதை முதற்கண் அறிமின். ஆங்குச் சென்று முதியவரை மட்டும் நலம் வினவாது, அவரைக் காப்பவளையும், 'நேற்றிரவு உறங்கினீர்களா, அம்மா?' என வினவுமின். அவள் கூறும் விடையைக் குறித்துவைத்துச் சுகாதார நிலையத்தாரிடமும் பஞ்சாயத்தாரிடமும் சேர்ப்பிமின். எத்தனை இல்லங்கள் என்னும் கணக்கு ஊரார்முன் வைக்கப்படும்போதுதான் இப்பணிக்குப் பொருளும் ஆளும் கேட்டல் எளிதாகும்.